சத்தியத்தில் தண்ணி இருக்கு

நானும் பட்டாளத்தில் சத்தியம் எடுத்தவன்தான். வலது கையை நீட்டி, உயிர் போனாலும் நாட்டைக் காப்பேன் என்று சொன்னவன். அதற்காக என் நெஞ்சில் குத்திவிட்ட பதக்கம் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதில் அலமாரி மட்டும்தான் முழு உண்மை. பதக்கம் முக்கால் உண்மை. சத்தியம் சுத்தப் பொய்.

இளவயதில் ஆள் எடுக்கிறார்கள் என்று திருநெல்வேலி வரை போனது நிஜம். ஓட்டத்தில் தேறிவிட்டேன். அப்புறம் ஒரு டாக்டர் என் காதில் டார்ச் அடித்துப் பார்த்தார். சங்கு குளித்துக் குளித்து இரண்டு காதுப்பறையும் கிழிந்திருந்த காலம் அது. இந்தக் காது வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கச் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதியே தெரிந்திருக்கும். முதலில் காதுக்கு ஒரு கதவு போட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

போன வாரம் என் கல்யாணப் பந்தலில் பன்றி புகுந்த கதையைப் படித்துவிட்டு, எப்போதும் சிரிப்புக் கதைதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். என் போன் குசினியில் அடுப்புக்குப் பக்கம் சார்ஜில் கிடக்கிறது. பன்னிரண்டு நாளாக அதில் என் மகன் கிளாட்வின் பேசவில்லை. கடைசியாகப் பேசியபோது, மறுநாள் வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றான். பஸ்ஸா ரயிலா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்று சொல்லிச் சிரித்தான். அதற்கு மேல் சொல்லக்கூடாதாம்.

ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் மகள் ஷைனி அவள் போனில் டைப் அடிக்கிறாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதலை கொடுத்துவிட்டேன். என் பேச்சுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. நடுவில் குசினியில் போன் அடித்தால் எழுந்து போய்விடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பானி என்றால் என்ன

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து என் மனைவி ரோஸ்லின் குசினி வாசலில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை செதில் மின்னியது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த சட்டியின் மேல் போன்.

கிளாட்வின் அப்போது மலை மேலே ஒரு முகாமில் பயிற்சியில் இருந்தான். நாலு வருஷ வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆறேழு மாதப் பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் வரிசையாக நின்று சத்தியம் எடுக்க வேண்டும். அவரவர் வேதப் புத்தகத்தில் கை வைத்து, இந்தியில். அதை மனப்பாடம் பண்ணுகிறதைப் பேசி அனுப்பியிருந்தான். ரோஸ்லின் அதை ஏழாவது தடவையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அர்த்தம் தெரியாது. பிள்ளை குரல், அது போதும்.

ஆனால் அவளுக்கு எட்டு வார்த்தை இந்தி தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஹார்பர் கேட் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சுமை இறக்க வந்த வடக்கத்திப் பையன்கள்தான் பாதிக் கூட்டம். அந்த எட்டு வார்த்தையில் முதல் வார்த்தையே பானி.

கத்தியை நிறுத்தினாள்.

"இங்கேருங்க. பிள்ள பானிங்கான். சத்தியத்துல என்னத்துக்குத் தண்ணி?"

எனக்குப் பதில் தெரியும். இரண்டு நாளாகத் தெரியும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் நான் வீட்டுக்குள் அடிபட்ட நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தேன். வாய் திறந்தது. பழக்கதோஷத்தில் வேறொன்று வந்து விழுந்தது.

"தண்ணி போடமாட்டேன்னு சத்தியம் வாங்குதாங்களா, அதான்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செதில் கையோடேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டு செதில் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ரோஸ்லின் மகன் குடிக்கமாட்டேன் என்று நாட்டுக்கே சத்தியம் பண்ணப் போகிறான். மூன்று பெண்கள் வந்து, நாற்பத்தைந்து வயது ஆம்பளையைப் பட்டாளத்தில் எடுப்பார்களா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

குருசடியில் அடித்த கை

இதற்கு ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் சங்கு குளிக்கப் போவேன். வாயில் ஒரு டியூப், அது மேலே வள்ளத்தில் இருக்கும் கம்பரசரோடு சேர்ந்திருக்கும். மேலே ஒருத்தன் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வான். அவன் கண் முழித்திருக்கிற வரைக்கும் கீழே எனக்கு மூச்சு. ஒரு நாள் அவன் கொஞ்சம் கண்ணசந்துவிட்டான். கம்பரசர் நின்றுவிட்டது. நான் மேலே வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். கரையில் படுக்க வைத்திருந்தபோது, ஒரு நல்ல சங்கு கையில் இருந்தது, அதை யார் எடுத்தது என்று கேட்டேனாம். அவ்வளவு தெளிவு.

மறுநாள் ரோஸ்லின் என்னையும் கிளாட்வினையும் கடற்கரையில் இருக்கும் குருசடிக்கு இழுத்துப் போனாள். சிலுவை வைத்த சின்னக் கோயில். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். சிலுவைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். வலது கை அவனுக்கு, இடது கை எனக்கு.

அவன் வலது கையில் அடித்து, பிழைப்புக்காகக் கடல் தண்ணியில் இறங்கமாட்டேன் என்று சொன்னான். நான் இடது கையில் அடித்து, இனிமேல் முங்கமாட்டேன் என்று சொன்னேன். என் அடிதான் பலமாக விழுந்தது. அதாவது சத்தம் பலமாக வந்தது.

எங்கள் தெருவில் கையில் அடித்த சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. அடி வாங்கின கைக்காரர் மனசு வைத்தால்தான் அது தீரும். அடித்தவன் கண் பார்க்க அந்தக் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆள் எதிரில் இல்லாமல் கழுவினால் செல்லாது. போனில் சொன்னாலும் செல்லாது. கழுவாத சத்தியம் அந்தக் கையிலேயே கிடக்கும்.

நான் பத்தே நாளில் மறுபடியும் முங்கப் போனேன். ஐஸ் கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொன்னேன். நல்ல தண்ணீரில் குளித்து, தலை துவட்டி, எண்ணெய் தேய்த்துத்தான் வீட்டுக்கு வருவேன். ஒரு நாள் கிளாட்வின் வாசலில் என்னை நிறுத்தினான். தன் துண்டை எடுத்து என் புருவத்தை அழுத்தித் துடைத்தான். உப்பு பூத்திருந்தது. துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும்.

அவன் அந்தப் பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு தடவைகூட வள்ளத்தில் ஏறியதில்லை. சிநேகிதப் பையன்கள் கேலி பண்ணுவார்கள். கடற்கரைக்காரன் மகன் கணுக்காலுக்கு மேல் நனையமாட்டான் என்பார்கள். சிரித்துக்கொண்டே கரையில் நிற்பான். பட்டாளம் என்றால் தரை வேலை என்றுதான் அதில் சேர்ந்தான். ரோஸ்லினும் அதனால்தான் சரி என்றாள்.

அம்மா தொண்ணூறு வயது இருந்தாள்

நானோ வேறு ஜாதிச் சரக்கு. ஊரில் என் பெயர் சத்தியம் சூசை. டீக்கடையில் வடை சூடாக இருந்ததா என்று கேட்டால்கூட, எங்கம்மா மேல் சத்தியமாகச் சூடு என்பேன். நான் பண்ணின பொய்ச் சத்தியத்துக்கு எங்கம்மா ஆயிரம் தடவை செத்திருக்க வேண்டும். அவள் தொண்ணூறு வயது வரை முறுக்கு கடித்துச் சாப்பிட்டாள்.

அதனால் சத்தியத்துக்குப் பல் கிடையாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவோடு இருந்தபோதுதான், சாளை உரசிய ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், கிளாட்வின் எனக்குத் தனியாகப் போன் பண்ணினான்.

"எப்பா, ஸ்பீக்கர்ல போடாதிய. அம்மா பக்கத்துல இருக்காளா?"

"கடையில இருக்கா. என்னலே?"

"இங்கன நாசரேத்துப் பையன் ஒருத்தன் சத்தியத்துக்கு அர்த்தம் சொன்னான். தரையோ தண்ணியோ ஆகாசமோ, எங்க அனுப்புனாலும் போவேன்னு வருதுப்பா. உசுருக்கு ஆபத்துன்னாலும்."

நான் ஒரு மாதிரி சிரித்தேன். ஏதாவது பெரிய கப்பலில் கொண்டு போய் விடுவார்கள், கால்கூட நனையாது என்றேன்.

"அம்மாட்ட அடிச்சுக் குடுத்தது கெடக்குல்லா. அத வச்சுக்கிட்டு இதச் சொன்னா ரெண்டுல ஒண்ணு பொய்யாயிரும். சத்தியம் எடுக்கதப் பாக்க வரும்போது அம்மா கையக் கழுவணும். நீங்கதான் சொல்லணும். போன்ல நான் சொல்லி அவ அழுதான்னா, நான் இங்கன நிக்கமாட்டேன்."

"கழுவலன்னா?"

"புத்தகத்துல கை வைக்கமாட்டேன்."

போனை வைக்கும் முன், மறக்காமல் சொல்லுங்கப்பா என்றான். சத்தியமா சொல்லுதேன் மக்கா என்று வாய் வரை வந்தது. அவன் அதற்குள் வைத்துவிட்டான்.

உதட்டை மட்டும் அசைத்தால் போதாதா

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் காவல் இருக்கும் சாத்தான்குளத்து அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். என்னோடு அதைவிடக் குறைவு. ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

பையன் சொன்ன அர்த்தம் சரிதான் என்றார். தண்ணீர், தரை, காற்று மூன்றும் வரும், மேலே இருக்கிற அதிகாரி சொன்னதைக் கேட்பேன் என்று வரும், உயிர் போனாலும் என்று வரும். அதைச் சொல்லாதவன் சிப்பாய் இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

"அண்ணாச்சி, நூறு பேர் சேந்துல்லா சொல்லுதாங்க. தண்ணி வார எடத்துல மட்டும் இவன் உதட்ட அசைச்சிட்டு முழுங்கிட்டான்னா யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒன் பக்கத்துல காவலுக்கு நிக்கவன் உதட்ட மட்டும் அசைச்சவன்னு தெரிஞ்சா, நீ கண்ண மூடி ஒறங்குவியாலே?"

நான் கிட்டங்கி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாயில் டியூப் ரப்பரின் கசப்பு வந்தது. மேலே கம்பரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எனக்கு எந்தச் சத்தியமும் பண்ணவில்லை. பண்ணாமலேயே அவன் கையில் என் மூச்சு இருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை வருஷம் அம்மா உயிரை, பிள்ளைகள் உயிரை, அந்தோணியார் சுரூபத்தை எல்லாம் ஈடு வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். என் உயிரை வைத்து ஒன்றுகூடப் பண்ணினதில்லை. இவன் முதன்முதலாகப் பெரிய சத்தியம் பண்ணப் போகிறான், தன் உயிரைத்தான் வைக்கப் போகிறான். அதற்கு முன்னால் அம்மாவுக்குக் கொடுத்த சின்னச் சத்தியம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறான்.

இவன் என் பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஷைனி இந்த வரியை அடிக்கமாட்டேன் என்கிறாள். அடி, அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

கயத்தாறு தாண்டட்டும்

சத்தியம் எடுப்பதைப் பார்க்கப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். கிளம்பும் வரை நான் சொல்லவில்லை. திருநெல்வேலி போய்ப் பஸ் மாறினோம். பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கயத்தாறு தாண்டட்டும் என்று நினைத்தேன், தாண்டியது. மதுரை வரட்டும் என்று நினைத்தேன், வந்தது, போனது. ரோஸ்லினோ அடுத்த சீட்டு அம்மாளிடம் தண்ணிச் சத்தியத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தாள். மடியில் ஒரு பை. அதில் அவனுக்கு இட்லிப் பொடியும், ஒரு பாட்டில் வீட்டுத் தண்ணீரும். வெளியூர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாயைத் திறந்து திறந்து மூடினேன். பஸ்ஸினால் குமட்டுகிறது என்று அவள் நினைத்தாள். எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

கடைசியில் எங்கே சொன்னேன் தெரியுமா? மைதானத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. காலை வெயில், ஆனாலும் பல் அடிக்கும் குளிர். தூரத்தில் வரிசையாகப் பையன்கள். எல்லாரும் ஒரே உயரம், ஒரே தொப்பி. ரோஸ்லின் மட்டும் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து ஐந்தாவது.

"ஏளா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எந்தப் பொய்?" என்றாள், கண்ணை எடுக்காமல். ஒன்று இரண்டா இருக்கிறது.

சொன்னேன். பானி என்றால் அந்தத் தண்ணி இல்லை, நம்ம தண்ணி என்று சொன்னேன். குருசடியைச் சொன்னேன். நீ கழுவாவிட்டால் அவன் புத்தகத்தில் கை வைக்கமாட்டான் என்பதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். கத்தவில்லை. வலது கையை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடல்னு எழுதிருக்கா, தண்ணின்னு எழுதிருக்கா?"

"தண்ணின்னு."

"அப்ப எல்லாத் தண்ணியுந்தான்."

பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். பூசாரி ஒருத்தர், மவுலவி ஒருத்தர், குருத்வாராக்காரர் ஒருத்தர், நம்ம சாமியார் ஒருத்தர் என்று அவரவர் புத்தகத்தோடு மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். முதல் வரிசை நடந்தது. இரண்டாவது வரிசை நடந்தது. ரோஸ்லின் அசையவில்லை. கழுவு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. நான் எந்த வாயால் சொல்ல? அவளுடைய இன்னொரு கையில் என் அடி கிடக்கிறதே.

மூன்றாவது வரிசை புறப்பட்டது. முன்னால் நாலு பேர். அப்புறம் மூன்று. கிளாட்வின் சாமியாருக்கு முன்னால் வந்து நின்றான். கை பாதி தூரம் நீண்டது. நின்றுவிட்டது. தலையைத் திருப்பக்கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பு. ஆனாலும் அவன் கண் எங்கள் பக்கம் வந்தது. சாமியார் அவன் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவன் கால் மாற்றினான்.

ரோஸ்லின் எழுந்தாள்.

பின்னாலிருந்து யாரோ இந்தியில் உட்காரச் சொன்னார்கள். அந்த வார்த்தை அவளுடைய எட்டில் இல்லை போலிருக்கிறது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். வலது கையில் ஊற்றினாள். மீன் அரிந்த கையைக் கழுவுவது போலக் கழுவினாள். உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு, அவசரமே இல்லாமல். திருவிழாச் சேலை முன்புறம் முழுக்க நனைந்தது. பிறகு அந்த ஈரக் கையை அவன் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

அவன் கை புத்தகத்தில் இறங்கியது.

கடைசி வரிசையும் கை வைத்து முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மலை திருப்பிச் சொன்னது. பானி என்று வந்த இடத்தில் ரோஸ்லின் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சொல்லிட்டான்," என்றாள்.

அதற்கப்புறம், பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கொடுத்த பெருமைக்கு என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினார்கள். அந்த முக்கால் உண்மைப் பதக்கம் இதுதான். குத்திய அதிகாரி எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். என் நாற்பது வருஷப் பொய்க்கு இப்படி ஒரு தண்டனை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பினதும் எனக்கு என்ன தோன்றியதோ, பாட்டிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்ததைப் பார்த்து, இடது கையையும் கழுவிவிடேன் என்று கேட்டுவிட்டேன். அவள் பாட்டிலை மூடினாள். இடது கையை என் முகத்துக்கு நேராக விரித்தாள். ஐஸ் கம்பெனிக் கதை அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதை அன்றைக்குத்தான்

"இங்கேருங்க. போன் அடிக்குது." குசினியிலிருந்து ரோஸ்லின்.

ஷைனியின் விரல் நின்றுவிட்டது. இல்லை, நீ அடி.

"பிள்ளையா?" என்று கேட்டேன்.

"நம்பர் புதுசா இருக்கு."

"எடுளா."

"கை ஈரமா இருக்கு. நீங்க வந்து எடுங்க."

அரை மணி நேரமாகக் குசினியில் குழாய் திறந்த சத்தமே கேட்கவில்லை. எடுக்கப் பயந்து ரோஸ்லினும் ஒரு பொய் சொல்கிறாள். இருங்கள், வருகிறேன்.